சாவிச் சத்தத்துக்கு ஒன்பது மார்க்

ஜூன் 5

கண்ணாடிக்காரிக்கு,

நலம் என்று ஆரம்பித்தால் முதல் சொல்லே பொய் என்று மடித்து வைத்துவிடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலேற்றிவிட்டபோது உன் அண்ணன், "மாப்ள, அவ போன் எடுக்கமாட்டா. வேணும்னா லெட்டர் போடுங்க. படிக்கிறதும் கிழிக்கிறதும் அவ இஷ்டம்" என்றார். நீ சொல்லச் சொன்னதா, மச்சானாகவே சொன்னதா தெரியவில்லை. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி ஐந்து மாடி, லிஃப்ட் இரண்டு. இடதுபக்க லிஃப்ட் மூன்றாவது மாடியில் தரைக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்கிறது. பிரேக் தேய்ந்திருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து, லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பு உடைந்தவன் சொல்கிறானே, கேட்பார்கள் என்று பார்த்தேன். ஆபரேட்டர் என் கைத்தடியைப் பார்த்துவிட்டு, "பேஷன்ட்டா? மூணாவது மாடிதானே, பாத்து இறங்குங்க" என்று சொல்லிவிட்டார்.

சிகிச்சை நடக்கும் அறையில் பல் டாக்டர் நாற்காலி போல ஒரு நாற்காலி. அங்கே ஒரு டெக்னீஷியன் அம்மா. வருகிறவர்களுக்கெல்லாம் நீச்சல் தொப்பி மாட்டி அதன்மேல் பேனாவால் புள்ளி வைப்பதால் நாங்கள் தொப்பியம்மா என்கிறோம். எட்டு போல வளைத்த கம்பிச்சுருளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, தலையைத் தொட்டாற்போல் வைக்கிறாள். அது காந்தமாம். வெட்டு இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. மண்டைக்கு வெளியே டக் டக் டக் என்று யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கிறது. சரியான இடம் எது என்று தேடும்போது, என் வலது கட்டைவிரல் என்னைக் கேட்காமலே துள்ளியது. "ஆ, சிக்கிட்டான்" என்றாள் தொப்பியம்மா.

டாக்டர் ஆற அமரச் சொன்னார். "உங்க இடுப்புல காயம் எப்பவோ ஆறிடுச்சு. தலைக்குள்ள காவலுக்கு நிக்கிறவன்தான் இன்னும் விசில் ஊதிக்கிட்டே இருக்கான். அதான் கால்ல வலி. அவனை உக்கார வைக்கப் பாக்கறோம்." எல்லோருக்கும் கேட்குமா என்றேன். "சில பேருக்கு நல்லா கேக்குது, சில பேருக்குக் கொஞ்சம், சில பேருக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். அது வலிக்கு. நான் விடமுடியாமல் கிடக்கும் வலி மாத்திரை ஆசைக்கு நெற்றிப் பக்கம் வேறொரு இடம், அதற்கு இன்னொரு தட்டு. ஆறு வாரம். கூடவே மாத்திரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள்.

வாசலில் நின்று நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "மாத்திரை வேணும்ங்கிற நினைப்பு போனா வீட்டுக்கு வாங்க. இல்லன்னா வராதீங்க." வருவதற்காகத்தான் இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குட்டி எப்படி இருக்கிறாள்? அத்தையின் முட்டியைப் பற்றிக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

லிஃப்ட்காரன்


ஜூன் 11

லிஃப்ட்காரருக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

போன் ஏன் வேண்டாம் என்றால், உங்கள் குரலை நான் நம்பிவிடுவேன். "இன்னைக்கு ஒண்ணுதான்மா போட்டேன்" என்று நீங்கள் குழைந்தால் போதும், கடையிலிருந்தபடியே எனக்கு மனம் குளிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்தால் அட்டை காலியாக இருக்கும். எழுத்தில் உங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மாத்திரை கூடிப்போன நாட்களில் உங்கள் எழுத்து கீழ்ப்பக்கம் சரியும். இந்தக் கடிதத்தில் வரி நேராகத்தான் இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அம்மாவின் முட்டி பரவாயில்லை, பாத்ரூம் வரை பிடிக்காமல் நடக்கிறாள். உங்கள் பேச்சை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். ஆபரேஷன் முடிந்து வந்தவளின் வலி மாத்திரையை எடுத்துக்கொண்டு, அந்த டப்பாவில் கால்சியம் மாத்திரையைப் போட்டு வைத்தீர்கள். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். எடுத்தது பெரிதில்லை என்றுகூட ஒரு நாள் நான் மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் அந்த வாரம் முழுக்க அவள், "எனக்கு வயசாயிடுச்சுடி, தாங்க முடியல, உன்னைத் தொந்தரவு பண்றேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள். அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

கடையில் தலைக்கு மேல் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அனுப்புகிறார்கள். நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டு வாய் வலிக்கிறது. எனக்கும் கண்ணாடி வந்துவிட்டது, வெள்ளெழுத்து. ஒரு ஸ்குரூவைப் பார்த்து இரண்டு என்றேன், முதலாளி பிடித்து உட்காரவைத்துச் சோதித்துவிட்டார்.

உங்கள் மாத்திரையைப் பூட்டி வைத்த பிஸ்கட் டப்பா அலமாரியிலேயே இருக்கிறது, காலியாக. அலமாரிச் சாவி இன்னும் என் கழுத்துக் கயிற்றில்தான் தொங்குகிறது. ஏன் என்று கேட்காதீர்கள்.

குட்டிக்கு ஒரு சந்தேகம். "அப்பா தலையில காந்தம் வெச்சா ஸ்பூனெல்லாம் போய் ஒட்டிக்குமா?" பதில் எழுதுங்கள். அவளுக்குத்தான்.


ஜூன் 17

கண்ணாடிக்காரிக்கு,

குட்டியிடம் சொல், ஸ்பூன் ஒட்டாது. ஆனாலும் சாவி, பெல்ட், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி மூலையில் ஒரு தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். ஒருநாள் ஒட்டினால் கட்டாயம் எழுதுகிறேன்.

அத்தையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அவர்களுக்கே தனியாக ஒரு கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மூன்று தாள் வீணாகிவிட்டது.

கால் வலி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போய்விட்டது என்று சொன்னால் நீ ஸ்கேலை எடுப்பாய். காதுக்குள்ளேயே அலறிக்கொண்டிருந்த ரேடியோ பக்கத்து வீட்டுக்குப் போன மாதிரி இருக்கிறது. தபாலாபீஸ் வரைக்கும் கைத்தடி இல்லாமல் போய்வந்தேன், வழியில் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஆசைக்கான வைத்தியம்தான் ஆரம்பத்தில் மக்கர் பண்ணியது. மெஷினைப் போடுவதற்கு முன்னால் ஆசையைக் கிளப்ப வேண்டுமாம். "அது தலைக்குள்ள முழிச்சுக்கிட்டு இருக்கும்போது தட்டினாத்தான் அதுக்கு உறைக்கும்" என்கிறாள் தொப்பியம்மா. ஒரு திரையில் மாத்திரைப் படமாகக் காட்டினாள். அட்டை, பாட்டில், உள்ளங்கையில் மாத்திரை. "இப்போ எவ்வளவு வேணும்னு தோணுது? பத்துக்கு எத்தனை மார்க்?" நான் இரண்டு என்றேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. "படம் உங்களுக்கு வேலைக்காகாது. எது உங்களை மாத்திரைப் பக்கம் இழுக்குமோ அதைக் கொண்டு வாங்க."

எனக்கு அடுத்த கட்டிலில் ஒரு வாத்தியார் இருக்கிறார். குடியை விட வந்தவர். அவர் வீட்டிலிருந்து தன் கண்ணாடி டம்ளரைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருக்கிறார். அதைக் கையில் கொடுத்தால் போதும், மனுஷருக்குக் கழுத்து வேர்த்துவிடும்.

எனக்கும் ஒன்று அகப்பட்டுவிட்டது. இப்போது மார்க் ஒன்பது வருகிறது. என்னவென்று நேரில் சொல்கிறேன்.

ஒரு உதவி. இன்னும் நீளமாக எழுது. வீட்டைப் பற்றி எழுது. நீ காலையில் எழுந்து நடப்பது, சாவி, அலமாரி எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் விடாதே.

லிஃப்ட்காரன்


ஜூன் 24

லிஃப்ட்காரருக்கு,

நீளமாக எழுது என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். இந்த மனிதருக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டதே என்று இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அலாரம் இப்போதும் வேண்டியிருப்பதில்லை. உங்களுக்கு முதல் மாத்திரை கொடுக்கும் நேரத்துக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. கை கழுத்துக்குப் போகும். கூடத்தில் நடக்கும்போது சாவியும், அதோடு கோத்திருக்கும் சின்ன ஸ்குரூடிரைவரும் ஒன்றோடொன்று இடித்துக் கிளிங் கிளிங் என்று சத்தம் போடும். கடையில் கண்ணாடிக் காலை முடுக்குகிற அந்தக் குட்டி ஸ்குரூடிரைவர்தான், தொலைந்துவிடும் என்று அதையும் அந்தக் கயிற்றிலேயே கட்டினேன். அலமாரிக் கதவு கீழே தரையில் உரசும். நீங்கள் செதுக்கித் தருகிறேன் என்று சொல்லி இரண்டு வருஷம் ஆயிற்று. டப்பா மூடியைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பினால் டப் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு நீங்கள் கண் திறப்பீர்கள். இப்போது யாரும் கண் திறப்பதில்லை. நான் திறந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிறேன், காலி டப்பாவுக்குக் காவல். எனக்கு எந்த மெஷினை வைப்பார்கள் என்று உங்கள் தொப்பியம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உங்களைக் காவல் காத்தேன். அந்த வேலையை எனக்குப் பிடிக்கவில்லை என்று உங்களிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் கடைக்கு வந்து, கண் நன்றாக இருந்தும் தெரியவில்லை என்று கதைவிட்டு, நான் எந்த லென்ஸைப் போட்டாலும் "இன்னொரு தடவை மாத்திப் போடுங்க" என்று அரைமணி நேரம் என்னை உட்காரவைத்தீர்களே, அந்த ஆளை எனக்குப் பிடிக்கும்.

குட்டிக்கு முன்பல் ஒன்று விழுந்தது. சிரிக்கும்போது கையால் மூடிக்கொள்கிறாள். புதுக் கண்ணாடி என் மூக்கில் இரண்டு பக்கமும் தடம் போட்டுவிட்டது. ஊரார் மூக்குக்கெல்லாம் சரிபண்ணிக் கொடுக்கிறவளுக்குத் தன் மூக்கைக் கவனிக்க நேரமில்லை.

படுக்கையில் உங்கள் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. நீங்கள் காலை நீட்டிக்கொள்ள இடம் வேண்டுமே என்று சுவரோரம் ஒண்டிப் படுத்த பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. மனசு உங்களைத் தேடுகிறது. இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் அடிக்காமல் விடுகிறேன்.


ஜூலை 2

கண்ணாடிக்காரிக்கு,

நேரில் சொல்கிறேன் என்றேனே, அதை இப்போதே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

என் ஆசையைக் கிளப்புவது படமும் இல்லை, அட்டையும் இல்லை. நீதான். உன் கழுத்தில் அந்தக் கிளிங் சத்தம், நீ கூடத்தில் நடந்து வருவது, டப்பா மூடி. இரண்டு வருஷம் எனக்கு வலி நின்றதெல்லாம் நீ நடந்து வந்ததற்குப் பிறகுதான். உன் முதல் கடிதத்தில் சாவி என்ற ஒரு சொல்லைப் படித்ததுமே நாக்கு ஊறியது. அடுத்த நாள் அந்தக் கடிதத்தை நாற்காலிக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். ஒன்பது மார்க். தொப்பியம்மா கைதட்டினாள். அன்றிலிருந்து தினமும் உன் கடிதத்தைப் படிக்கிறேன், அவள் மெஷினைப் போடுகிறாள். நீளமாக எழுதச் சொன்னது அதற்காகத்தான். அதற்காக மட்டும் இல்லை. ஆனால் அதற்காகவும்தான்.

நீ சாவியையும் அலமாரியையும் எழுதி அனுப்பிய கடிதத்துக்கு முதல் நாள் பத்து. பிறகு எட்டானது. முந்தாநாள் நான்கு.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. வாத்தியார் தன் டம்ளரை இப்போது ஏதோ பல் தேய்க்கிற டம்ளர் மாதிரி பார்க்கிறார். நல்லதுதான். ஆனால் நேற்று ரேடியோவில் பழைய பாட்டு ஓடியது. குடிக்கும்போது அவர் கேட்டுக் கண்கலங்கும் பாட்டாம். கேட்டுவிட்டு, "தம்பி, பாட்டு உப்புச்சப்பில்லாம போச்சு. நியூஸ் படிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

டாக்டரிடம் ஓடினேன். மாத்திரை ஆசையைத் தட்டுகிற தட்டில் என் சம்சாரமும் சேர்ந்து போய்விடுவாளா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படி ஆகும்னு நான் நினைக்கல. ஆகவே ஆகாதுன்னு சத்தியம் பண்ணவும் முடியாது. உங்க தலையில ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. எது மாத்திரை, எது அவங்கன்னு இப்போ உங்களுக்கே தெரியாது" என்றார்.

நேற்றும் இன்றும் நான் நாற்காலியில் உட்காரவில்லை. கால் வலி குறைந்ததே எனக்குப் போதும். மிச்சமிருக்கும் ஆசையைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொள்வேன். உன் நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. ஆனால் உன் எழுத்தைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறதே, அதையும் துடைத்துக் கொடுத்துவிட்டு நான் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்? நீயே சொல்.

லிஃப்ட்காரன்


ஜூலை 6

கடையில் நின்றபடியே படித்தேன். ஒருவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டு "சரியாம்மா?" என்றார். சரி என்றேன். அவர் என்ன படித்தார் என்றே எனக்குத் தெரியாது.

வெட்கத்தை விட்டுத் தேடுகிறது என்று எழுதினேன். அதைக் கொண்டுபோய் ஊரார் முன்னால் மாத்திரைக்கு நாக்கு ஊறப் படித்திருக்கிறீர்கள். அதற்கு மார்க் வேறு. வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்து உருகி உருகி நான் எழுதிக் கொடுத்தது உங்களுக்குச் சாவிச் சத்தம். என் அசட்டுத்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வருகிறது.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஜூலை 7

நேற்று எழுதியதைக் கிழிக்கவில்லை. அதுவும் உண்மைதான்.

நீயே சொல் என்று கேட்டீர்கள், சொல்கிறேன். சாவி என் கழுத்தில் ஏறிய நாளிலிருந்து நீங்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. கழுத்தைத்தான் பார்ப்பீர்கள். கடையில் ஒரு நாள் விலையுயர்ந்த லென்ஸைக் கீறிவிட்டு, திட்டு வாங்கி, அழுதுகொண்டே வந்து உங்கள் முன்னால் நின்றேன். நீங்கள் "மணி ஆச்சா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

அதனால் அந்தப் படபடப்பு எனக்காக வந்தது என்று நான் நம்பவில்லை. அது வேண்டாம் எனக்கு. போய் உட்காருங்கள். அது முழுக்கப் போகட்டும். போன பிறகு எனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். அழுவேன். அழுது முடித்துவிட்டுக் கடைக்குப் போவேன். மாத்திரைக்குப் பெண்டாட்டியாக இருந்ததைவிட அது மேல். கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வதுதான், இரண்டு லென்ஸையும் போட்டுப் பார்க்காமல் எது தெளிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இத்துடன் சாவி இருக்கிறது. தனியாக அனுப்பினால் சத்தம் வராது என்று ஸ்குரூடிரைவரையும் சேர்த்தே அனுப்புகிறேன், கடையில் நான் சமாளித்துக்கொள்கிறேன். உங்கள் தொப்பியம்மாவை நன்றாகக் குலுக்கச் சொல்லுங்கள். என் கடிதத்தை இனி அந்த நாற்காலிக்கு எடுத்துப் போகக் கூடாது.

காவல் வேலையை இன்றோடு விட்டுவிட்டேன். கழுத்து லேசாக இருக்கிறது. கை மட்டும் அடிக்கடி அங்கே போய்த் தடவிப் பார்க்கிறது.

நீங்கள் முடித்துவிட்டு எழுதும்வரை நான் எழுதமாட்டேன்.


ஜூலை 11

கண்ணாடிக்காரிக்கு,

சாவி வந்தது. உறையைப் பிரிக்கும் முன்பே உள்ளே கிளிங் என்றது. மார்க் எட்டு.

"மணி ஆச்சா" என்று கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. நீ என்றைக்கு அழுதாய் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

உட்காருகிறேன்.


ஜூலை 27

கண்ணாடிக்காரிக்கு,

முடிந்தது. தொப்பியைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார்கள், குட்டிக்கு வைத்திருக்கிறேன்.

சாவியை மெஷின் பக்கம் கொண்டுவரக் கூடாது. அதனால் தொப்பியம்மா அறையின் அந்தக் கோடியில் நின்று குலுக்குவாள். வெறுமனே குலுக்கினால் போதாது, நடக்க வேண்டும் என்றேன். பாவம், எனக்காக அங்கேயும் இங்கேயும் நடந்தாள். உன் நடை வரவில்லை, நீ வலது செருப்பைக் கொஞ்சம் தேய்ப்பாய் என்று சொல்லிக் கொடுத்தேன். "உங்க வீட்டம்மா சம்பளம் குடுப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே தேய்த்தாள். எட்டு ஆறாகி, மூன்றாகி, கடைசி வாரம் அது ஏதோ ஒரு சாவிக் கொத்து. லிஃப்ட் மோட்டார் அறைச் சாவிகூட அப்படித்தான் சத்தம் போடும். மாத்திரையும் நின்றுவிட்டது. இது திரும்பி வராது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. மாதம் ஒரு தடவை வந்து தட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வலி பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

இடதுபக்க லிஃப்ட்டும் சரியாகிவிட்டது. மெக்கானிக் வந்தபோது நான் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு வாயால் வேலை பார்த்தேன். அந்த ஆபரேட்டர் இப்போது "சார்" என்கிறார்.

இதையெல்லாம் எழுதி, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன்.

கடைசி நாள் முடிந்ததும் உன் கடிதங்களை எடுத்தேன். நீ சொன்னதிலிருந்து அவற்றை நாற்காலிக்கும் கொண்டுபோகவில்லை, பிரித்தும் பார்க்கவில்லை, பயத்தில். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சலவைத் துணி காயப்போடும் இடத்தில் ஒரு பெஞ்சு உண்டு. அங்கே உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். சாவி வந்தது, ஒன்றும் ஆகவில்லை. கூடம், அலமாரி, டப்பா மூடி எல்லாம் வந்தது. நெஞ்சு அதன் பாட்டுக்குக் கிடந்தது. நான் பயந்தது நடந்தேவிட்டது, இவளுக்கு என்னவென்று எழுதுவேன் என்று தாளை மடித்தேன்.

மடிக்கும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. புதுக் கண்ணாடி உன் மூக்கில் தடம் போட்டுவிட்டது என்று. என்ன கண்ணாடி என்று முதல் கடிதத்தைத் திரும்பப் பிரித்தேன். அதிலும் இருக்கிறது. எனக்கும் கண்ணாடி வந்துவிட்டது, வெள்ளெழுத்து. இந்தக் கடிதங்களை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாவி வரும் வரிக்கு ஓடிய ஓட்டத்தில் இதை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. நீ இரண்டு தடவை சொல்லியும் நான் என்னவென்று கேட்கவில்லை.

நீ கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. நான் பார்க்காத முகத்தோடு ஒன்றரை மாதமாக நீ நடமாடிக்கொண்டிருக்கிறாய். அதை நினைத்ததும் என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் போய் நின்று அழுதேன். வேலைக்காரர் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். தொப்பியம்மாவிடம் போய்ச் சொன்னேன். பழக்க தோஷத்தில் "எத்தனை மார்க்?" என்றாள். எனக்கு மார்க் போடத் தெரியவில்லை.

வட்டமா, சதுரமா? என்ன நிறம்? படிக்கும்போது மட்டும் போடுகிறாயா, எப்போதுமா? மூக்கில் தடம் இன்னும் இருக்கிறதா? உன்னை எனக்குப் பார்க்க வேண்டும். வேறு எதற்காகவும் இல்லை.

நான் வரலாமா?

லிஃப்ட்காரன்

பின்குறிப்பு: அத்தைக்கு எழுதியது தனி உறையில் இருக்கிறது. படிக்கச் சொல்லி வற்புறுத்தாதே.


ஆகஸ்ட் 1

லிஃப்ட்காரருக்கு,

அம்மா அந்த உறையை இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதற்கு, "அதை எதுக்கு நீ கேக்கற, எனக்கு வந்தது" என்றாள். டிவி சத்தத்தைக் கூட்டவில்லை.

வரிகள் நேராக இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு இடத்தில் மை ஊறியிருக்கிறது. அதற்கு நான் ஸ்கேல் வைக்கவில்லை.

கண்ணாடி வட்டமா சதுரமா என்று எழுதுவதாக இல்லை. என்ன நிறம் என்றும் எழுதமாட்டேன். குட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அவளிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அன்றைக்கு இருந்த கோபத்தில் அலமாரியைப் பூட்டி, பூட்டிய கையோடு சாவியை உறையில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மாற்றுச் சாவி கிடையாது. நீங்கள் எடுத்துவிடுவீர்கள் என்று போன வருஷமே அதைச் சாக்கடையில் போட்டவளும் நான்தான். என் துணிமணி எல்லாம் உள்ளே இருக்கிறது. அன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டே உடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறேன். "என்னம்மா, யூனிஃபார்மா?" என்று முதலாளி கேட்டுவிட்டார். ஸ்குரூடிரைவர் எங்கே என்றும் கேட்டார்.

பூட்டை உடைக்க ஆள் கூப்பிடலாம் என்று அம்மா சொன்னாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

சாவியைத் தபாலில் அனுப்பாதீர்கள்.